வெறுங்காலும் கடைவாசலும்

அமெரிக்காவின் உணவகங்களிலும் பல்பொருள் அங்காடிகளிலும், சட்டையும் காலணியும் அணியாமல் வருபவர்களுக்குச் சேவை கிடையாது என்று அறிவிக்கும் பலகை வாசற்கதவின் கண்ணாடியில் தொங்குவது அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வழக்கம். பல கடைகளில் அந்த அறிவிப்பின் கீழே, இது சுகாதாரத் துறையின் ஆணை என்ற பொருளில் இன்னொரு வரியும் சேர்க்கப்பட்டிருக்கும். அதைப் படிப்பவர்கள் வெறுங்காலுடன் கடைக்குள் நுழைவது சட்டப்படி குற்றம் என்றும், அந்தச் சட்டத்துக்குப் பின்னால் உறுதியான மருத்துவக் காரணம் ஒன்று இருக்கிறது என்றும் நம்பிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கையின் முதற்பகுதி தவறானது. இரண்டாம் பகுதியோ, வேறொரு காலத்தில் வேறொரு மண்ணில் உண்மையாக இருந்த ஒன்று இடம் மாறி வந்து ஒட்டிக்கொண்டதன் விளைவு.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளியிடும் மாதிரி உணவு விதித்தொகுப்பு என்பது, மாநிலங்கள் தத்தம் தேவைக்கேற்பத் திருத்தி ஏற்றுக்கொள்ளும் ஒரு வழிகாட்டி ஆவணம். இன்றைய வடிவில் அது 1993ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. உணவைக் கையாளும் பணியாளர் எப்போதெல்லாம் கைகழுவ வேண்டும், தலைமுடியை எப்படி மூடிக்கொள்ள வேண்டும், குளிர்ச்சியாக வைக்க வேண்டிய உணவை 5 டிகிரி செல்சியஸுக்கு மிகாமலும் சூடாக வைக்க வேண்டியதை 57 டிகிரிக்குக் குறையாமலும் எப்படிப் பேணுவது என்றெல்லாம் விரிவாகப் பேசும் அந்தத் தொகுப்பு, சாப்பிட வருபவரின் கால்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 1970ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள், கால்களுக்கு ஆபத்து நேரக்கூடிய இடங்களில் பாதுகாப்புக் காலணி வேண்டும் என்று கேட்கின்றன என்றாலும், அவை வேலைக்கு அமர்த்தப்பட்டவர்களுக்கு உரியவையே அன்றி வாடிக்கையாளர்களுக்கு உரியவை அல்ல. 1994இல் தொடங்கப்பட்ட வெறுங்கால் வாழ்வுச் சங்கத்தின் உறுப்பினர்கள் மாநிலச் சுகாதாரத் துறைகளுக்கு எழுதிக் கேட்டு, வாடிக்கையாளரின் காலணி பற்றித் தங்களிடம் விதி எதுவும் இல்லை என்ற பதில்களைத் திரட்டி வைத்திருக்கிறார்கள்.

சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் கடைக்காரர் தடுக்கக் கூடாது என்று ஆகிவிடாது. கடை தனியார் உடைமை என்பதால் உள்ளே வருபவருக்கு உடைக் கட்டுப்பாடு விதிக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் அந்த உரிமைக்கு எல்லை வகுத்து, இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றின் பேரால் எவரையும் திருப்பி அனுப்புவதைத் தடைசெய்கிறது. காலணி இல்லாமை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பலகை செல்லும். அதன் கீழ் எழுதப்பட்டிருக்கும் காரணம்தான் செல்லாது.

அந்தக் காரணத்தை அறிவியலின் முன் நிறுத்திப் பார்ப்பது பயனுள்ள வேலை. உணவகத்தில் நோய் எவ்வழியே பரவுகிறது என்ற கேள்விக்கு நோய்த்தொற்றியல் தெளிவாகவே விடை சொல்கிறது. அமெரிக்காவில் உணவின் வழியே மூளும் நோய்ப் பரவல்களுக்கு முதன்மையான காரணி நோரோவைரஸ் என்னும் வாந்திபேதிக் கிருமி. இருபதுக்கும் குறைவான துகள்கள் வயிற்றுக்குள் போனாலே நோயை உண்டாக்கிவிடக் கூடிய இந்தக் கிருமி, பெரும்பாலும் நோயுற்ற பணியாளரின் சரியாகக் கழுவப்படாத கைகளிலிருந்து உணவுக்கும் உணவிலிருந்து வாய்க்கும் போகிறது. சமைக்காத இறைச்சி தொட்ட பலகையிலேயே காய்கறி நறுக்குவது, சமைத்ததை வெதுவெதுப்பான சூட்டில் நெடுநேரம் வைத்திருப்பது ஆகியவை அடுத்தடுத்த வழிகள். மேசைக்கு அடியில் தரையில் ஊன்றியிருக்கும் வாடிக்கையாளரின் பாதத்துக்கு இந்த வழிகளில் எதிலும் இடமில்லை.

தரையில் கிருமிகள் உண்டு என்பது உண்மை. ஆனால் அவற்றைத் தரைக்குக் கொண்டுவருபவை பெரும்பாலும் காலணிகளே. தெருவில் உமிழப்பட்ட எச்சிலையும் நாய் கழித்ததையும் பொதுக் கழிப்பறையின் ஈரத்தையும் மிதித்த அடிப்பாகம் எவ்விதக் கழுவலும் இல்லாமல் கடைக்குள் வருகிறது. 2020இல் வூஹான் நகரின் ஒரு மருத்துவமனையில் நடந்த ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவு ஊழியர்களின் காலணி அடிப்பாகங்களிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரிகளில் பாதியில் கொரோனா வைரஸின் மரபணுப் பொருள் தென்பட்டது. அதைக் கொண்டு நோய் காலணியால் பரவியது என்று முடிவு கட்ட முடியாது என்றாலும், அடிப்பாகம் எதையெல்லாம் சுமந்து செல்லும் என்பதற்கு அது தக்க சான்று. வெறும் பாதமும் அதே தெருவை மிதிப்பதுதான். ஆயினும் பாதத்தை மனிதர் நாள்தோறும் கழுவுகிறார்கள், செருப்பின் அடியை யாரும் கழுவுவதில்லை.

அப்படியானால் வெறுங்காலையும் நோயையும் சேர்த்து எண்ணும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதன் வேர் கொக்கிப்புழுவின் வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாறு சற்று விரிவாகவே சொல்லத் தக்கது.

சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள கொக்கிப்புழு மனிதரின் சிறுகுடற் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி. ஒரு புழு ஒரு நாளில் குடிக்கும் இரத்தம் ஒரு மில்லிலிட்டரின் மிகச் சிறு பகுதியே ஆனாலும், நூற்றுக்கணக்கான புழுக்கள் ஆண்டுக்கணக்கில் குடித்தால் இரத்தசோகையும், தீராத சோர்வும், குழந்தைகளில் வளர்ச்சிக் குறைவும் நேர்கின்றன. புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈரமும் வெதுவெதுப்பும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கின்றன. வெளிவரும் இளம்புழு ஐந்து முதல் பத்து நாட்களில் இருமுறை தோலுரித்து, மனிதத் தோலைத் துளைத்து நுழையும் பருவத்தை அடைகிறது. அது தோலின் வழியாக நுழைகிறது என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை எவருக்கும் தெரியாது. வாய்வழியே உட்செல்வதாகவே மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள். கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானிய ஆய்வாளர் ஆர்தர் லூஸ், 1898இல் இளம்புழுக்கள் நிறைந்த நீர் தம் கையில் சிந்தியபோது அந்த இடம் சிவந்து அரிப்பதைக் கவனித்தார். பின்னர் தம் மலத்தைத் தொடர்ந்து சோதித்துவந்து அதில் கொக்கிப்புழுவின் முட்டைகளைக் கண்டார். புழு தோலைத் துளைத்து, இரத்தத்தோடு இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சென்று, இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது என்ற நீண்ட பயணம் அவருடைய ஆய்வுகளால் துலங்கியது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இந்த நோய் பரவிக் கிடப்பதை எடுத்துக்காட்டியவர் சார்லஸ் வார்டெல் ஸ்டைல்ஸ் என்னும் விலங்கியலாளர். அங்கு காணப்படும் புழு தனி இனம் என்று 1902இல் விவரித்த அவர், பருத்தி நிலங்களின் ஏழை மக்களிடம் சோம்பல் என்று பழிக்கப்பட்டது உண்மையில் இரத்தசோகையே என்று வாதிட்டார். பத்திரிகைகள் அவருடைய கண்டுபிடிப்புக்குச் சோம்பேறித்தனத்தின் கிருமி என்று பெயர் சூட்டிக் கேலி செய்தன. ஆனால் 1909இல் ஜான் டி. ராக்பெல்லர் பத்து லட்சம் டாலர் அளித்து ஒரு சுகாதார ஆணையத்தை அமைத்தார். அதன் ஆட்கள் பதினொரு தென்மாநிலங்களில் ஊர் ஊராகச் சென்று பரிசோதித்தபோது, பள்ளி வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினரிடம் கொக்கிப்புழு இருப்பது தெரியவந்தது. ஓமத்திலும் உள்ள தைமால் என்ற பொருளைக் கொடுத்துப் புழுவை மயக்கி, பேதியுப்பால் வெளியேற்றுவதே அன்றைய மருத்துவம். அதோடு இரண்டு அறிவுரைகள் வழங்கப்பட்டன: கழிவறை கட்டுங்கள், காலணி அணியுங்கள். புழு மிகுதியாக இருந்த வட்டாரங்களில் இந்த இயக்கத்துக்குப் பிறகு பள்ளிக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கையும் எழுத்தறிவும் கூடுதலாக உயர்ந்தன என்று பொருளியலாளர் ஹோய்ட் பிளீக்லி 2007இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்.

இதே இயக்கத்தின் இன்னொரு கிளை தமிழரின் வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் பன்னாட்டுச் சுகாதாரப் பிரிவு 1916இல் இலங்கையின் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. சென்னை மாகாணத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோரிடம் புழு இருந்தது. லயன் எனப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளில் கழிவறைகள் இல்லாமையும், மழையில் நனைந்த நிழல் மண்ணில் நாள் முழுவதும் வெறுங்காலுடன் நின்று வேலை செய்ய வேண்டியிருந்ததுமே அதற்குக் காரணங்கள். மருந்து கொடுத்துவிட்டு அதே மண்ணில் திரும்ப நிறுத்தினால் சில மாதங்களில் புழு மீண்டும் வரும் என்பது அங்கே கண்கூடாகத் தெரிந்தது. தொழிலாளரின் பாதம் குற்றவாளி அன்று. கழிவறை கட்டாத நிர்வாகமே குற்றவாளி என்பதை இந்த வரலாற்றைப் படிக்கும் எவரும் ஒப்புக்கொள்வர்.

கொக்கிப்புழுவின் வாழ்க்கைமுறையை அறிந்துகொண்டபின், கடையின் தரையில் அது வாழுமா என்ற கேள்விக்கு விடை எளிது. அதற்கு மனித மலம் கலந்த மண் வேண்டும், அந்த மண் பல நாட்கள் ஈரமாகவும் நிழலாகவும் இருக்க வேண்டும், உலர்ந்தால் இளம்புழு விரைவில் மடியும். தினமும் துடைக்கப்பட்டுக் குளிரூட்டியின் காற்றில் காய்ந்து கிடக்கும் பீங்கான் ஓடு அதற்குப் பாலைவனம். தெற்கின் பருத்திக் காட்டில் உயிர்காக்கும் அறிவுரையாக இருந்த ஒன்று நகரத்தின் உணவகத்துக்கு வந்தபோது தன் காரணத்தைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தது என்பதே உண்மை. அது விட்டுவராத ஒன்றும் உண்டு. வெறுங்கால் என்றால் ஏழை, படிக்காதவர், நோயாளி என்ற அடையாளம் அந்தச் சுகாதாரப் பரப்புரையின் படங்களோடு சேர்ந்து அமெரிக்க மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

பலகைகள் நாடெங்கும் பெருகிய காலத்தைக் கவனித்தால் இது மேலும் தெளிவாகும். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும், நீண்ட முடியும் வெறுங்காலுமாகத் திரிந்த ஹிப்பி இளைஞர்களைக் கடைக்குள் விட விரும்பாத உரிமையாளர்களுக்கு, உங்கள் தோற்றம் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதைவிடச் சுகாதாரத் துறையின் பேரால் சொல்வது வசதியாக இருந்தது. வெறுங்காலுடன் வண்டி ஓட்டுவது சட்டவிரோதம் என்று அமெரிக்காவில் இன்றும் பலர் நம்புவதும், அப்படி ஒரு சட்டம் எந்த மாநிலத்திலும் இல்லாதிருப்பதும் இதே வகைக் கதைதான்.

கடைக்காரர்களின் உண்மையான அச்சம் வேறு. உடைந்த கண்ணாடியை மிதித்து வாடிக்கையாளர் காயப்பட்டால் அவர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரக்கூடும். இடத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமையில் உரிமையாளர் தவறினாரா என்பதை நீதிமன்றம் விசாரிக்கும். இந்த அச்சம் வெளிப்படையாகப் பேசப்பட்ட வழக்கு ஒன்று உண்டு. ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகர நூலகத்துக்கு வெறுங்காலுடன் சென்று வெளியேற்றப்பட்ட ராபர்ட் நைனாஸ்ட் என்பவர், பொது நூலகம் அரசின் அமைப்பு என்பதால், அங்கே தகவல் பெறும் அரசியலமைப்பு உரிமை தமக்கு மறுக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் நூலகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. நூலகத்தின் தரையில் கண்ணாடித் துண்டுகளும் இரத்தமும் மலமும் கிடந்ததாக நூலகத்தின் சொந்தப் பதிவேடுகளே காட்டியதை நீதிமன்றம் சுட்டி, வாசகரின் பாதுகாப்பும் இழப்பீட்டு வழக்குகளைத் தவிர்த்து நூலகத்தின் நிதியைக் காப்பதும் நியாயமான நோக்கங்கள் என்றும், காலணி அணிவதால் வாசிக்கும் உரிமை எதுவும் பறிபோவதில்லை என்றும் கூறியது. தீர்ப்பைக் குறைசொல்வது கடினம். ஆனாலும் அதில் ஆபத்துக்கு உள்ளாகக் கூடியவர் வெறுங்கால்காரரே அன்றி அவரால் மற்றவர்கள் அல்லர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களைக் காக்க விதிக்கப்படும் விதிக்கும், ஒருவரை அவரிடமிருந்தே காக்க விதிக்கப்படும் விதிக்கும் அறத்தின் தளத்தில் பெரிய வேறுபாடு உண்டு.

அந்த ஆபத்து எவ்வளவு என்பதை அளக்கப் பாதத்தின் அமைப்பையே பார்க்க வேண்டும். உடலின் பிற இடங்களில் தோலின் புறப்படலம், அதாவது இறந்த உயிரணுக்களால் ஆன மேலடுக்கு, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே தடித்திருக்க, உள்ளங்காலில் அது பலமடங்கு தடித்து, வெறுங்காலில் நடப்பவர்களுக்கு மேலும் காய்த்துப்போகிறது. காய்த்த பாதம் மரத்துப்போன பாதம் என்பது பொதுவான எண்ணம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன், நிக்கோலஸ் ஹொலோவ்கா முதலியோர் கென்யாவிலும் அமெரிக்காவிலும் நூற்றுக்குச் சற்று மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தைத் திருத்தியது. வெறுங்காலில் நடந்து பழகியவர்களின் காய்ப்பு தடித்திருந்தபோதிலும், நடக்கையில் தரையை உணர்த்தும் அதிர்வு நரம்புமுனைகளின் கூர்மை அவர்களிடம் குறையவில்லை. காய்ப்பு கடினமாக இருப்பதால் அதிர்வை மங்கவிடாமல் உள்ளே கடத்துகிறது. மெத்தென்ற காலணி அடிப்பாகமோ அதிர்வை விழுங்கிவிடுகிறது. மணிப்பாலைச் சேர்ந்த ராவ், ஜோசப் என்னும் மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் கால்தடங்களை ஆராய்ந்து 1992இல் எழுதிய கட்டுரையில், காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்கும் அணியாமல் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்ததாகக் குறிப்பிட்டார்கள்.

வெறுங்காலின் பக்கம் இவ்வளவு சொன்னபின் எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கண்ணாடியும் ஆணியும் எந்தக் காய்ப்பையும் கிழிக்கும். நகரும் படிக்கட்டின் பல்லிடுக்குகள் கால்விரல்களுக்கு ஆபத்தானவை. விரலிடுக்கில் தோன்றும் சேற்றுப்புண்ணுக்குக் காரணமான பூஞ்சைகளும், பாதமருவை உண்டாக்கும் வைரஸும் ஈரத் தரையிலிருந்து வெறும் பாதத்துக்குத் தொற்றக்கூடியவை. ஆனால் அவை தொற்றும் இடங்களாக அறியப்பட்டவை நீச்சல்குளங்களின் ஓரங்களும் பொதுக் குளியலறைகளும் உடைமாற்றும் அறைகளும். அங்கெல்லாம் காலணியைக் கழற்றச் சொல்வதே வழக்கம். தொற்றிய பூஞ்சை தழைத்து வளர்வதற்கோ, வியர்வையும் வெப்பமும் அடைபட்ட காலணியின் உட்புறமே உகந்த இடம்.

வழுக்கி விழும் ஆபத்துக்கும் அளவுகோல் உண்டு. தரை ஓடுகளைச் சோதிக்க ஜெர்மனியில் பயன்படும் ஒரு முறையில், சாய்தளம் ஒன்றில் ஓடுகளைப் பதித்து, சோப்பு கலந்த நீரை அதன்மேல் ஓடவிட்டு, ஒருவரை வெறுங்காலுடன் அதில் முன்னும் பின்னும் நடக்கவைத்துச் சாய்வை மெல்ல மெல்லக் கூட்டுகிறார்கள். எந்தக் கோணத்தில் அவருக்குக் கால் நிலைகொள்ளவில்லையோ அதைக் கொண்டு ஓடு தரம் பிரிக்கப்படுகிறது: 12 டிகிரியைத் தாங்கினால் ஏ, 18 டிகிரியைத் தாங்கினால் பி, 24 டிகிரியைத் தாங்கினால் சி. எண்ணெய் சிந்திய தொழிற்கூடத் தரைகளுக்குக் காலணியோடு நடக்கவைக்கும் இன்னொரு சோதனை தனியே உண்டு. வெறுங்காலுக்கு ஏற்ற தரையைத் திட்டமிட்டு உருவாக்க முடியும் என்பதை இந்தச் சோதனைகள் காட்டுகின்றன. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் கடலோர ஊர்களிலும் பெரியவர்களும் குழந்தைகளும் வெறுங்காலுடன் அங்காடிக்கு வந்துபோவது அன்றாடக் காட்சி; அதனால் அந்நாடுகளில் கொள்ளைநோய் எதுவும் மூண்டுவிடவில்லை.

தமிழ்நாட்டில் விதி தலைகீழாக நிற்கிறது. கோயிலிலும் வீட்டிலும் பல மருத்துவர்களின் அறைவாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரே பொருளை ஒரு நாடு தூய்மையின் அடையாளமாகவும் இன்னொரு நாடு அழுக்கின் அடையாளமாகவும் கொள்வது வியப்பூட்டினாலும், செருப்பின் அடி தெருவின் அழுக்கைச் சுமக்கிறது என்ற கணிப்பில் தமிழ் வழக்கம் நுண்ணுயிரியலுக்கு நெருக்கமாகவே இருக்கிறது. ஆனால் இதே மண்ணில் செருப்பின் பேரால் நடந்த கொடுமையை மறைத்துவிட்டு அந்த வழக்கத்தை மட்டும் மெச்சுவது நேர்மையாகாது. ஆதிக்க சாதியினரின் தெருக்களில் தலித் மக்கள் செருப்பணிந்து நடக்கக் கூடாது, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே போக வேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழகக் கிராமங்கள் பலவற்றில் அண்மைக்காலம் வரை இருந்ததைக் கள ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. அந்த விதிக்கும் தூய்மை என்ற பெயரே சூட்டப்பட்டது. காலணி பற்றிய எந்த விதியைக் கண்டாலும், அது யாரைக் காக்கிறது, யாரைத் தாழ்த்துகிறது என்று கேட்பது இந்தச் சமூகத்துக்குக் கட்டாயமான கேள்வி.

காலணியைக் கழற்றச் சொல்லும் விதியால் உண்மையான தீங்கு நேரக்கூடிய ஒரு பிரிவினர் உண்டு. நீரிழிவு முற்றியவர்களில் பலருக்குக் கால் நரம்புகள் சேதமுற்று உணர்ச்சி குறைந்துவிடுகிறது. 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலின் குறிப்பிட்ட இடங்களைத் தொட்டு, கண்ணை மூடியிருக்கும் நோயாளி அதை உணர்கிறாரா என்று மருத்துவர் கேட்பார். உணரவில்லை என்றால், முள் தைத்தாலும் சூடு பட்டாலும் அவருக்குத் தெரியாது என்று பொருள். ஆறாத புண் எலும்புவரை போய்க் காலை வெட்டியெடுக்கும் நிலைக்குக் கொண்டுவிடும் என்பதால், இத்தகையோர் வீட்டுக்குள்ளும் செருப்பணிய வேண்டும் என்பதே மருத்துவ அறிவுரை. சித்திரை வெயிலில் கோயிற்பிரகாரத்தின் கருங்கல் தளம் காலைப் பொசுக்கும் சூட்டை எட்டுகிறது. அதற்காகப் பல கோயில்களில் நடைபாதையெங்கும் தேங்காய்நார் விரிப்பு போடப்படுகிறது, வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசப்படுகிறது. உணர்ச்சி குன்றிய கால்களுக்கு அது மட்டும் போதாது. அவர்கள் வெயில் ஏறுமுன் போய்வருவதும், தடித்த பருத்திக் காலுறை அணிந்துகொள்வதும், திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வதும் வேண்டும். மருத்துவர்களின் அறைவாசலில் செருப்பை வெளியே விடச் சொல்லும் பலகையில், நீரிழிவு உள்ளவர்கள் அணிந்தபடியே வரலாம் என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.